கரட்டில் புதிய ஏறுவழி திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவே, ஊர் எல்லையில் நிற்கும் ஒரு மொட்டைக் கரட்டில் நண்பர்கள் சிலர் சேர்ந்து கயிறு கட்டி ஏறும் வழி ஒன்றைத் திறந்தோம். நான்கு பிட்ச், அதாவது நான்கு கட்டமாக ஏறி முடிக்கும் வழி. அதில் மிகக் கடினமான இடம் 5.7. ஏறுவதற்கென்றே பெங்களூருக்குப் போய் வந்துகொண்டிருந்த நம் மாவட்டப் பிள்ளைகள் அதன் பிறகு கேட்க ஆரம்பித்த கேள்விகள் இவை. கரட்டின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரணம் கீழே ஒரு கேள்வியில் வருகிறது.

5.7 என்றால் என்ன? அது எளிதா, கடினமா?

யோசெமிட்டி என்ற அமெரிக்க அளவுகோலில் கயிறு கட்டி ஏற வேண்டிய பாறைகளுக்கு 5.0 தொடங்கி 5.15 வரை எண் கொடுக்கிறார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதைத் தசமமாகப் படிக்கக் கூடாது. 5.9-க்கு அடுத்தது 5.10, அது 5.9-ஐவிடக் கடினம். 5.5 முதல் 5.8 வரை உள்ளதை நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு அளவில் ஏறக்குறைய 4, 5. ஓரளவு உடல் வாகும், கயிற்றுப் பழக்கமும், பதறாத மனமும் இருந்தால் சில மாதப் பயிற்சியில் ஏறிவிடலாம்.

எளிதான வழிதானே, அதைத் திறப்பதில் என்ன பெரிய விஷயம்?

இதைத்தான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். செங்குத்தான கடினப் பாறையில் கை நழுவினால் காற்றில் விழுவீர்கள். கயிறு இழுபட்டுத் தாங்கிவிடும், கீழே இடிக்க ஒன்றும் இருக்காது. சாய்வான எளிய பாறையில் அப்படி இல்லை. நடுவில் திட்டு இருக்கும், மேடு இருக்கும், கள்ளிப் புதர் இருக்கும். விழுந்தால் அவற்றில் மோதித்தான் நிற்க வேண்டும். முழங்கையும் கணுக்காலும் போவது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்களில்தான்.

அதோடு இன்னொன்று. 5.11 ஏற வருகிறவருக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். 5.6 ஏற வருகிறவர் பாதிப் பேர் முதன்முதலில் குழுவுக்கு முன்னால் கயிறு கொண்டு போகிறவர்கள். போல்ட் (கயிற்றை மாட்டப் பாறையில் துளை போட்டு இறக்கும் எஃகு ஆணி) எங்கே இருக்கும், அடுத்தது எவ்வளவு தூரம், இறங்கும் இடம் எது என்று எல்லாவற்றையும் திறந்தவர் யோசித்துத்தான் வைத்திருப்பார் என்று நம்பி ஏறுவார்கள். அதனால் கடினமான வழியைத் தன் துணிச்சலுக்காகத் திறக்கலாம். நடுத்தர வழியைத் தெரியாதவர் ஒருவர் பின்னால் வருகிறார் என்று நினைத்துத்தான் திறக்க வேண்டும். எங்கள் குழுவில் இதில் ஒத்துப்போகாதவர்கள் உண்டு. போல்ட் இடைவெளியைக் கூட்டினால்தான் வழிக்கு மரியாதை என்பார்கள். என் கருத்து மாறவில்லை.

நம் பக்கத்துப் பாறை ஏறுவதற்கு ஏற்றதா?

அருமையான பாறை. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அடியில் கிடப்பது கிரானைட்டும் நைஸ் என்ற பட்டை போட்ட பாறையும். வயது சுமார் 250 கோடி ஆண்டு. நம்மூர்க் கல் வெளிநாட்டுக்கும் போகிறது. ராமநகரம், சாவனதுர்கா என்று கர்நாடகத்துக்காரர்கள் ஏறும் இடங்களும் இதே குடும்பத்துக் கல்தான். பெங்களூரிலிருந்து ஆட்கள் அங்கே போகிறார்கள், நாமும் ஓசூர் தாண்டி அங்கேயே போகிறோம். நடுவில் பர்கூர், வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமெல்லாம் கரடுகள் சும்மா நிற்கின்றன.

ஏறுகிறவர் கவனிக்க வேண்டியது மூன்று. முதலாவது, மேலே இருந்த பாரம் காலப்போக்கில் கரைந்து போனதால் இந்தப் பாறைகளின் மேற்புறம் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கும். பார்க்கக் கெட்டியாக இருக்கும், உள்ளே இடைவெளி இருக்கும். அந்த ஏட்டைப் பிடித்து இழுத்தால் ஏடும் நீங்களும் சேர்ந்து வருவீர்கள். இரண்டாவது, வெங்கச்சங்கல் ஓடிய கோடுகள். சுற்றியுள்ள கல் தேய்ந்து இது மட்டும் விரல் தடிமனுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். சாய்வுப் பாறையில் இதைவிட நல்ல படி கிடையாது. மூன்றாவது, மழைநீர் வழிந்த கறுப்புத் தடங்கள். காய்ந்திருக்கும்போது ஏமாற்றும், லேசாக ஈரம் பட்டால் எண்ணெய் தடவியதுதான்.

இந்த மலைகளில் ஏற்கெனவே ஆட்கள் ஏறியிருக்க மாட்டார்களா? நாம் எப்படி முதல் ஆள்?

கண்டிப்பாக ஏறியிருப்பார்கள். பாராமகால் என்று பழைய ஆவணங்களில் வரும் நாடு இதுதான். குன்றுக்கு ஒரு கோட்டை. 1791-ல் ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைப் பிடிக்க வந்தபோது மேலே இருந்தவர்கள் பெரிய பெரிய கற்களை உருட்டிவிட்டே துரத்தியடித்தார்கள். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில்தான் இந்தப் பகுதி ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டைக் காவலர், தேன் எடுப்பவர், ஆடு மேய்ப்பவர் என்று இந்த மலைகளில் ஏறாத ஆள் இல்லை. நீங்கள் கயிறும் சப்பாத்துமாகப் போய்ச் சேர்ந்த திட்டில் ஆட்டுப் புழுக்கை கிடக்கும். அது வேறு பக்கத்துப் பாதையில் வந்த ஆடாக இருக்கலாம், நேராக வந்த ஆடாகவும் இருக்கலாம்.

ஆகவே மலைக்கு நாம் முதல் ஆள் என்று சொல்ல முடியாது. இந்தக் கோட்டில், இந்த முறையில், பதிவு செய்து ஏறியது நாங்கள் என்று மட்டும் சொல்லலாம். அது போதும்.

எந்த மலையைத் தொடக் கூடாது?

கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டைக் கோட்டையும் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010-ல் திருத்திய சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. நடந்து போய்ப் பார்க்கலாம். துளை போடுவதை மறந்துவிடுங்கள்.

பாறை ஓவியம் இருக்கும் இடம் அடுத்தது. பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் வெள்ளை வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-ல் அறிவித்தார்கள். மல்லச்சந்திரத்தில் மலைமேலேயே கல்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. இதெல்லாம் பட்டியலில் வந்த இடங்கள். பட்டியலில் வராத ஓவியம் எந்தக் குகைப் பாறையின் அடியிலும் இருக்கலாம். அதனால் நாங்கள் வழி பார்க்கும்போது முதலில் பார்ப்பது அடிவாரத்தில் மழை படாத உள்வளைவுகளை. அங்கே சிவப்போ வெள்ளையோ ஏதாவது தெரிந்தால் அந்தப் பக்கமே வழி கிடையாது. கை வழுக்காமலிருக்கப் பூசும் மெக்னீசியப் பொடிக் கையால் அதைத் தொடவும் கூடாது.

கோயில் மலைகள். தீர்த்தமலை மாதிரி ஊரறிந்தவை மட்டும் என்று நினைக்காதீர்கள். உச்சியில் ஒரு சூலமும் எலுமிச்சம்பழமும் இருந்தால் அது கோயில்தான்.

அப்புறம் காடு. ஓசூர் வனக் கோட்டத்திலும் பென்னாகரம் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு. காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் அங்கே இருக்கின்றன. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், ஏறுவது அதற்கப்புறம்.

அப்படியானால் யாரிடம் அனுமதி கேட்பது?

முதலில் அந்தப் பாறை எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் அ-பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். புறம்போக்கு என்றால் தாசில்தார். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலர். பட்டா என்றால் நிலத்துக்காரர். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை. குவாரிக் குத்தகையில் இருந்தால் பேசாமல் வேறு கரடு தேடுங்கள், வெடி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஏடு பிரிந்த பாறையில் தொங்குவது அறிவில்லை.

எழுத்து அனுமதி ஒரு பக்கம். ஊர் அனுமதி இன்னொரு பக்கம், அது இல்லாமல் வண்டியைக்கூட நிம்மதியாக நிறுத்த முடியாது. ட்ரில் சத்தம் கேட்டதும் புதையல் தோண்டுகிறார்கள், குவாரிக்கு மாதிரி எடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பும். இரண்டுமே இந்தப் பக்கத்தில் நடந்த விஷயங்கள்தான், சந்தேகப்படுவதில் தப்பில்லை. நாங்கள் போன ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கயிற்றுச் சுருளைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னாத்துக்குப்பா இதுல ஏறணும்? அந்தாண்ட படி மாதிரி இருக்குது, அதுல போனா பத்து நிமிசம்" என்றார். "தெரியும் தாத்தா, ஏறிப் பழகத்தான்" என்றதற்கு, "பழகி?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனால் அவர் காட்டிய அந்தப் படி மாதிரிப் பாதைதான் இன்றைக்கு எங்கள் இறங்கும் வழி.

பெயரை எழுதாததற்குக் காரணம் இதுதான். ஊரில் கேட்டுப் பழகினவர்கள் கூட்டிப் போனால் வரலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இணையத்தில் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது பைக் நிற்கும்.

வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தூரத்திலிருந்து. ஏரிக்கரை மாதிரி ஒரு மேட்டில் நின்று, வெயில் பக்கவாட்டில் விழும் காலையிலோ சாயங்காலத்திலோ பைனாகுலரில் பாருங்கள். உச்சி வெயிலில் பாறை தட்டையாகத் தெரியும், ஒன்றும் புரியாது. சாய்வெளிச்சத்தில் ஒவ்வொரு வெடிப்பும் ஒவ்வொரு திட்டும் நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

நடுத்தர வழிக்கு நான் தேடுவது, நிற்க நல்ல திட்டுகள் 25 மீட்டருக்கு ஒன்றாவது இருக்கிறதா என்பதை. 60 மீட்டர்க் கயிற்றை இரட்டையாகப் போட்டு இறங்கினால் 30 மீட்டர்தான் இறங்க முடியும். ஒவ்வொரு பிட்ச்சின் முடிவிலும் ஆள் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கும் நிலையங்களை 28 மீட்டருக்குள் வைத்தால், பாதியில் மழை வந்தாலும் பயம் வந்தாலும் ஒரே கயிற்றோடு வந்தவர் எங்கிருந்தும் திரும்பி இறங்கலாம். இரண்டு கயிறு இருந்தால்தான் இறங்க முடியும் என்கிற நடுத்தர வழி எனக்குப் பிடிக்காது.

கீழிருந்து ஏறிக்கொண்டே போல்ட் அடிப்பதா, மேலிருந்து இறங்கி அடிப்பதா?

கீழிருந்து அடிப்பதற்கு ஒரு கௌரவம் உண்டு. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கீழிருந்து போகிறவர், இரண்டு கையையும் விட்டு நிற்க எங்கே முடிகிறதோ அங்கேதான் போல்ட் அடிப்பார். பின்னால் வருபவருக்கு எங்கே வேண்டுமோ அங்கே அது இருக்காது. நடுத்தர வழிக்கு மேலிருந்து கயிற்றில் இறங்கி, மேல்கயிறு போட்டு ஏறிப் பார்த்து, தளர்ந்த கல்லைத் தள்ளி, சுண்ணக்கட்டியால் குறி வைத்து, இன்னொருவரை ஏறவிட்டு, அவர் கை எட்டும் இடத்தைப் பார்த்து, அப்புறம் துளை போடுவதே சரி. குட்டையானவர் ஒருவரையும் ஏறவிடுங்கள். ஆறடி ஆள் குறி வைத்த போல்ட் ஐந்தடி ஆளுக்கு எட்டாது.

வெடிப்பு நல்லதாக இருந்தால் போல்ட்டே வேண்டாம். நட், கேம் என்று வெடிப்பில் செருகிவிட்டுத் திரும்பக் கழற்றி எடுத்துக்கொண்டு போகும் சாமான்கள் இருக்கின்றன. எங்கள் மூன்றாவது பிட்ச் முழுவதும் வெடிப்புதான், அதில் நிலையத்தைத் தவிர ஒரு போல்ட்கூட இல்லை. ஆனால் நம் கரடுகள் பெரும்பாலும் வெடிப்பே இல்லாத மொழுக்கை. அங்கே வேறு வழியில்லை.

போல்ட்டுக்கு இடைவெளி எவ்வளவு?

மீட்டர்க் கணக்கு ஒன்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் வசதி. ஆனால் கணக்கு இப்படித்தான் போட வேண்டும்: கடைசி போல்ட்டுக்கு 4 மீட்டர் மேலே இருக்கும்போது விழுந்தால் 8 மீட்டர் போவீர்கள். கயிற்றின் இழுவையும் தொய்வும் சேர்த்தால் இன்னும் கூட. அந்த 8, 9 மீட்டருக்குள் திட்டு இருக்கிறதா? இருந்தால் இடைவெளியைக் குறையுங்கள். தரைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது போல்ட்தான் மிக முக்கியம். முதல் போல்ட் 4 மீட்டரிலும் இரண்டாவது 8 மீட்டரிலும் இருந்தால், இரண்டாவதை மாட்டப்போகும் நேரத்தில் விழுகிறவர் தரையில்தான் நிற்பார்.

திட்டைத் தாண்டி ஏறும் இடமும் அப்படியே. திட்டில் நிற்கும்போது எட்டுகிற உயரத்தில் ஒரு போல்ட் இருக்க வேண்டும். நடந்து போகும் அளவு சாய்வான இடத்தில் தாராளமாக விடலாம், அங்கே போல்ட்டாக அடித்து வைத்தால் பாறைக்கு அசிங்கம்.

என்ன போல்ட், எப்படிப் போடுவது?

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆங்கர் போல்ட் வேண்டாம். ஏறுவதற்கென்று செய்து ஐரோப்பியத் தர முத்திரையோடு வருகிற துருப்பிடிக்காத எஃகு போல்ட் 10 மி.மீ. அல்லது 12 மி.மீ. குறுக்கு இழுவைக்கு அந்தத் தரம் கேட்பது 25 கிலோநியூட்டன், ஏறக்குறைய இரண்டரை டன் பாரம். போல்ட் எந்த உலோகமோ ஹேங்கரும் (போல்ட்டில் பொருத்தி, கயிற்றுக் கொக்கியை மாட்டும் தகடு) அதே உலோகமாக இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகோடு துத்தநாக முலாம் போட்டதைச் சேர்த்தால் ஈரத்தில் ஒன்று மற்றதைத் தின்றுவிடும்.

துளைக்கு முன்னால் சுத்தியலால் பாறையைத் தட்டிக் கேளுங்கள். கணீர் என்றால் கெட்டி. பொத்தென்றால் அடியில் காலி, ஒரு சாண் தள்ளித் திரும்பத் தட்டுங்கள். இதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம் கல் உடைக்கும் பட்டறைதான். அங்கே முப்பது வருடம் சம்மட்டி பிடித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். எந்த ட்ரில் வாங்கலாம் என்று கேட்கப் போன இடத்தில் பாறையைக் கேட்கக் கற்றுக்கொண்டு வந்தோம்.

பாட்டரி ட்ரில் இருந்தால் ஒரு துளை சில நிமிட வேலை. கையால் போட்டால் நம் கல்லில் அரை மணிக்கும் மேலே. ஒரு கையில் உளி, மறுகையில் சுத்தி. ஒவ்வொரு அடிக்கும் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் முனை சிக்கிக்கொள்ளும். துளையிலிருந்து வரும் மாவைப் பாருங்கள். வெள்ளையாக, உலர்ந்து கொட்டினால் நல்ல கல். பழுப்பாக, பிசுபிசுவென்று வந்தால் உள்ளே கல் மக்கியிருக்கிறது, அந்தத் துளையை விட்டுவிட்டுக் கல்மாவும் பசையும் வைத்து அடைத்துவிடுங்கள். பாறைக்குச் செங்குத்தாக, போல்ட்டைவிடக் கொஞ்சம் ஆழமாகத் துளை இருக்க வேண்டும். குழாயால் ஊதி, பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி ஊதி, மாவு வருவது நிற்கும் வரைக்கும் இதைச் செய்யுங்கள். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மாவு உள்ளே தங்கினால் போல்ட் பிடிக்காது. பிறகு அடித்து இறக்கி, தயாரித்தவர் சொன்ன அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். பலத்தையெல்லாம் காட்டி முறுக்கினால் போல்ட்டின் கழுத்து இழுபட்டுவிடும்.

பாறை விளிம்பிலிருந்தும் பக்கத்துப் போல்ட்டிலிருந்தும் ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். நிலையத்தில் எப்போதும் இரண்டு போல்ட், ஒன்று போனாலும் மற்றது தாங்குகிற மாதிரி கட்டு.

குவாரி ஜாக்ஹாமரைக் கொண்டுவந்து வேகமாக முடித்துவிடலாமா?

வேண்டாம். 10 மி.மீ. துளைக்கு அது இல்லை. சுற்றியுள்ள கல்லையும் அதிரவைத்துவிடும்.

எந்த மாதத்தில் ஏறலாம்?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை குறைந்து பாறை காய்ந்த பிறகு. மார்ச்சுக்கு மேல் காலை ஒன்பது மணிக்கே கல் சுடும், சப்பாத்தின் ரப்பர் இளகிப் பிடிப்பு போய்விடும். விடியும் முன் அடிவாரத்தில் இருந்து, பத்து மணிக்குள் இறங்கிவிடுகிற மாதிரித் திட்டமிட்டால் மார்ச்சிலும் சமாளிக்கலாம். மேற்குப் பார்த்த முகம் என்றால் காலை முழுவதும் நிழல் கிடைக்கும், எங்கள் வழி அந்தப் பக்கம் இருப்பது அதனால்தான். கோடை மழைக்கு முன்னால் இடி இடித்தால் எங்கே இருந்தாலும் இறங்க ஆரம்பியுங்கள். மொட்டைக் கரட்டில் உயரமான பொருள் நீங்கள்தான்.

மிகப் பெரிய ஆபத்து எது? உயரமா?

மலைத்தேனீ. சந்தேகமே இல்லாமல்.

மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்கும் ஜாதி இல்லை. பாறை வளைவின் அடியில் திறந்தவெளியில், ஒரே ஒரு பெரிய அடையைத் தொங்கவிடும். அடையின் மேல் தேனீக்களே போர்வை மாதிரி மூடியிருக்கும். பருந்து ஒன்று கொத்திவிட்டுப் போனால்கூட அந்தப் போர்வை கலையும். கீழே நடந்து போகிறவர் ஓடலாம். கயிற்றில் நடுப்பாறையில் இருப்பவர் எங்கே ஓடுவார்? ஒன்று கொட்டினால் அதன் கொடுக்கிலிருந்து வரும் வாடை மற்றதையும் கூப்பிடும்.

ஆகவே அடை தெரியும் பாறையில் வழியே திறக்காதீர்கள். போன மாதம் இல்லாத அடை இந்த மாதம் இருக்கலாம். பூக்கிற பருவத்தைப் பார்த்து இடம் மாறும் பூச்சி அது. ஒவ்வொரு முறையும் ஏறும் முன் பைனாகுலரில் முழுப் பாறையையும் பாருங்கள். கறுப்பாக அரைவட்டமாக எது தொங்கினாலும் திரும்பிவிடுங்கள். புகை போட்டு விரட்டலாம் என்று சொல்பவரோடு ஏறாதீர்கள். சென்ட் பூசிக்கொண்டு வராதீர்கள், ட்ரோன் பறக்கவிடாதீர்கள். ட்ரில் போடும் நாளில் இது இன்னும் முக்கியம், பாறை வழியாக அதிர்வு வெகுதூரம் போகும்.

மீறி வந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு, கையை வீசாமல், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ இறங்குங்கள். கொடுக்குகளைச் சுரண்டி எடுங்கள். மூச்சு இறுகினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, நிறைய கொட்டியிருந்தாலோ நேராக ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போய்ச் சுண்ணாம்பு தடவும் வேலை வேண்டாம்.

பாம்பு?

இருக்கும். சுருட்டை விரியன் கல் இடுக்கில் சுருண்டு கிடக்கும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி, கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பாதியில் யாருக்காவது அடிபட்டால் யார் வந்து இறக்குவார்கள்?

நீங்கள்தான். 108 வண்டி சாலை வரைக்கும் வரும். தீயணைப்புத் துறையினர் வருவார்கள், ஆனால் இருநூறடிப் பாறையின் நடுவிலிருந்து ஆளை இறக்குவது உங்கள் குழுவுக்கே தெரிந்திருக்க வேண்டும். அடிபட்டவரோடு சேர்ந்து ராப்பெல் (கயிற்றில் சறுக்கி) இறங்குவது, கயிற்றை இறுகப் பிடிக்கும் புருசிக் முடிச்சில் கயிறு ஏறுவது, ஏறுகிறவரின் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவியைக் கையை விட்டாலும் ஓடாதபடி கட்டி நிறுத்துவது, இந்த மூன்றும் தெரியாத குழு பல பிட்ச் வழியில் ஏறக் கூடாது. தரையில் ஒரு புளிய மரத்தில் கட்டியே பழகலாம். ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு 1791-ஐ நினைவுபடுத்துகிறேன்: இந்த மலைகளில் மேலேயிருந்து கல் வரும். கயிறு உரசினாலே வரும்.

ராப்பெல் இறங்கும்போது கயிற்றின் இரண்டு நுனியிலும் முடிச்சுப் போடுங்கள். முன்னால் சொன்ன நடைபாதை இருக்கும்போது ராப்பெல்லே தேவையில்லை. களைத்துப்போன ஆட்களைக் கயிற்றில் இறக்குவதைவிட இருபது நிமிடம் நடக்கவைப்பது எவ்வளவோ மேல்.

வழியின் தரத்தை யார் முடிவு செய்வது?

திறந்தவர் ஒன்று சொல்வார், அடுத்து ஏறுபவர்கள் திருத்துவார்கள். நாங்கள் முதலில் 5.6 என்றோம். உயரம் குறைந்த இரண்டு பேர் ஏறிவிட்டு இரண்டாவது பிட்ச் நடுவில் ஒரு இடம் 5.7 என்றார்கள், மாற்றிவிட்டோம். ஒரு எண் கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. குறைத்துச் சொன்னால்தான் சங்கடம்.

பெயர் வைப்பது?

முதலில் ஏறியவர் வைப்பது வழக்கம். ஊரில் அந்தப் பாறைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும், அதைக் கேட்டு வையுங்கள். பாறையில் பெயின்ட்டால் எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

திறந்தாயிற்று. அப்புறம் வேலை ஒன்றும் இல்லையே?

ஒவ்வொரு சீசனுக்கு முன்னாலும் ஒருவர் மேலிருந்து இறங்கி எல்லா போல்ட்டின் நட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சுழல்கிறதா, துரு வழிந்த கறை தெரிகிறதா, மழையில் புதிதாக ஏடு பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த போல்ட், எந்த மாதத்தில் அடித்தது என்று ஒரு நோட்டில் இருக்கட்டும். பத்து வருடம் கழித்து மாற்றப்போகிறவருக்கு அது வேண்டும்.

ஹேங்கரை யாராவது கழற்றிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட மாட்டார்களா?

போடுவார்கள். அதனால் முதல் போல்ட் தரையில் நிற்பவர் கைக்கும் ஏணிக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அது வரைக்கும் உள்ள ஏற்றம் மிக எளிதாக இருக்கும்படி வழியைத் தொடங்குங்கள். உச்சியில் நடந்து போய்த் தொடக்கூடிய நிலையத்துக்குப் பசை வைத்து ஒட்டும் போல்ட் நல்லது, அதில் கழற்ற நட்டே கிடையாது. எங்களிடம் இந்தச் சந்தேகத்தை முதலில் எழுப்பியது அந்த ஆட்டுக்காரத் தாத்தாதான். ஒரு ஹேங்கரை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "கிலோவுக்கு எத்தினி நிக்கும்?" என்று கேட்டார். பன்னிரண்டு பதின்மூன்று என்றதும், "அப்ப ஒருத்தனும் வரமாட்டான், உடு" என்றார்.